மகிழ்ச்சிப் பக்கத்தில் ஒரு திருத்தம்



நம் இதழின் கடைசிப் பக்கத்தில் "நம் வீட்டுப் பிள்ளைகள்" என்ற பகுதி வருவதை அனைவரும் அறிவீர்கள். இதழ் தபாலில் வந்ததும் கும்பாபிஷேக நிதிக் கணக்கைப் பார்ப்பவர்களைவிட அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களே அதிகம். இது நம் பொருளாளருக்கும் தெரியும்; கோபித்துக்கொள்ள மாட்டார். 2024 ஏப்ரல் இதழில் அந்தப் பக்கத்தில் எங்கள் மகளின் படமும் நான்கு வரிச் செய்தியும் வெளியாயின. மருத்துவக் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் அவள், இன்டர்னல் மெடிசின் பிரிவில் ரெசிடென்ஸி பயிற்சிக்குத் தேர்வு பெற்று, ஜூலை 1 அன்று சேரவிருக்கிறாள் என்பது செய்தி. எழுதி அனுப்பியவர்கள் நாங்கள்தான்.

அந்த ஜூலையில் அவள் சேரவில்லை. உரிமத் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் தேறவில்லை. நம் அன்பர்களில் ஏழெட்டுப் பேருக்கு மேல் இதை அறியமாட்டார்கள். அறியாதபடி நாங்கள் பார்த்துக்கொண்டோம். அப்படிப் பார்த்துக்கொண்டது சரிதானா என்பதே இக்கட்டுரையின் விஷயம். பிள்ளையின் தோல்வியைப் பெற்றோர் ஊருக்கு மறைப்பது பாதுகாப்பா, பொய்யா? இரண்டும் என்றால், எவ்வளவு தூரம் அது பாதுகாப்பு, எந்த இடத்தில் பொய்யாகிறது?

டாக்டர் இல்லாத வீடுகளுக்காக (நம்மில் அப்படியும் சில உண்டு!) கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிப் படிப்பு மட்டும் போதாது. யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வை மூன்று கட்டங்களாக எழுத வேண்டும். 1992-இல் வந்த முறை இது. முதல் கட்டம் அடிப்படை மருத்துவ விஞ்ஞானம். இரண்டாவது, நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கும் அறிவு. ஒரே நாளில் ஒன்பது மணி நேரம் கணினி முன் உட்கார வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலும் பயிற்சியின்போது எழுதுவார்கள். 2022 ஜனவரி முதல் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது, தேறினாரா இல்லையா என்பது மட்டுமே. ஆகவே எல்லோர் கண்ணும் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணின் மேல் விழுந்தது.

பயிற்சி இடம் கிடைப்பது இன்னொரு கதை. செப்டம்பரில் விண்ணப்பம், குளிர்காலத்தில் நேர்முகம். பிறகு மாணவர்கள் தாங்கள் விரும்பும் மருத்துவமனைகளையும், மருத்துவமனைகள் தாங்கள் விரும்பும் மாணவர்களையும் வரிசைப்படுத்திக் கொடுக்க, கணினி பொருத்தம் பார்க்கிறது. இதற்குப் பெயரே "மாட்ச்". 1952 முதல் நடக்கிறது. இந்தக் கணக்கின் அடிப்படையை விளக்கி டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இருவர் 1962-இல் எழுதிய கட்டுரை கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் பற்றியது. நம் ஊர் ஜோசியர்கள் சிரிப்பார்கள். ஆனால் 2012-இல் ஷேப்லிக்கும், மாட்ச் முறையைத் திருத்தி அமைத்த ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் பரிசே கிடைத்தது. மார்ச் மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு வெளியாகும். 2024-இல் அது மார்ச் 15. எங்கள் வீட்டில் அன்று கேசரி கிண்டினோம். அன்றிரவே இதழுக்குச் செய்தி அனுப்பினோம். அவளைக் கேட்டா அனுப்பினோம் என்றால், இல்லை.

பெரும்பாலானவர்கள் இரண்டாம் கட்டத்தை விண்ணப்பத்துக்கு முன்பே எழுதிவிடுகிறார்கள். அவள் இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டாள். மாட்ச் கிடைத்த பிறகு, இனித் தேறினால் போதும் என்ற அசட்டையும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் கடைசியில் எழுதினாள். இந்தத் தேர்வின் முடிவுகள் பொதுவாகப் புதன்கிழமைகளில் வரும். மே மாதத்தில் ஒரு புதன்கிழமை வந்தது. தேற வேண்டிய மதிப்பெண் அப்போது 214. அவளுக்குக் கிடைத்தது 211.

இந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் படிப்பவர்களில் நூற்றுக்கு 98 பேர் அளவுக்கு இத்தேர்வில் முதல் முறையே தேறிவிடுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மற்ற இரண்டு பேரில் ஒருத்தி நம் வீட்டு நிலவறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கணக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

பட்டமளிப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அவள் கல்லூரியில் இத்தேர்வில் தேறினால்தான் பட்டம். சேரவிருந்த மருத்துவமனையும் ஜூலை 1-க்குள் தேர்ச்சி வேண்டும் என்றது. மாட்ச் என்பது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அதிலிருந்து முறைப்படி விலக்குப் பெற்று அவர்கள் வேறு ஆளைப் பார்க்கப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வார்டில் அந்த ஜூலையில் ஒருவர் நின்றாக வேண்டுமே.

எங்கள் வீட்டிலோ சென்னையிலிருந்து பெரியம்மா வந்து இறங்கியாயிற்று. விருந்துக்கு அறுபது பேரை அழைத்திருந்தோம், சமையல்காரருக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னோம்: "குழந்தைக்கு ஜுரம், விருந்து தள்ளிப்போகிறது." பெரியம்மாவிடமும் அதையே சொன்னோம். அவர் மூன்று நாள் மிளகு ரசம் வைத்து நிலவறைப் படிகளில் இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. மூன்றாம் நாள் காலிக் கிண்ணத்தோடு மேலே வந்தவர், "இது ரசத்துக்குக் கேட்கிற ஜுரம் இல்லைடி," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எங்களுக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம் கோவிலில் கேட்டவர்களுக்கு, "சேரும் தேதி கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது" என்றோம். ஜூலை போய் ஆடி வெள்ளிகள் வந்தபோது அது போதவில்லை. "ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்துவிட்டுச் சேரலாம் என்று இருக்கிறாள்" என்றோம். என்ன ஆராய்ச்சி என்று ஒருவர் கேட்க, "இருதயம் சம்பந்தமாக" என்று எங்களில் ஒருவர் வாயிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அந்த இருதயத்துக்கு ஒரு பேராசிரியரையும் கண்டுபிடித்திருப்போம்.

அன்னதானக் கூடத்து வரிசையில் எங்களுக்குப் பின்னால், தட்டை ஏந்திக்கொண்டு, அவள் நின்றிருந்தாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு பின்னால் இருந்து கேட்டாள்: "அந்த ரிசர்ச் பண்ற பொண்ணு யாரு? எனக்கு அவளைத் தெரியாது. உங்களுக்கு அவளைத்தான் பிடிச்சிருக்கு போல."

இதற்கு நாங்கள் அன்று பதில் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேல் யோசித்தும் அரைகுறையாகவே சொல்ல முடிகிறது.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்கு ஒரு வாசல் திறந்து வைத்திருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். எங்களைப் போன்றவர்கள் அந்த வாசலை அடிக்கடி பயன்படுத்துகிறோம். ஆனால் அங்கே ஒரு நிபந்தனையும் எழுதியிருக்கிறது: விளையும் நன்மையில் குற்றம் இருக்கக் கூடாது. ஜெர்மனியின் தத்துவ ஞானி காண்ட் 1797-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வாசலையே அடைத்துவிட்டார். ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிக் கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்கிறார். அவ்வளவு தூரம் போக எங்களுக்கு மனமில்லை. ஆனால் ஒன்று: எங்கள் முன்னால் வந்து நின்றது கொலைகாரன் அல்ல, சாம்பார் வாளியோடு ஒரு மாமி. "குழந்தை எப்படி இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு, "கொஞ்சம் கஷ்டமான காலம் மாமி, பிறகு சொல்கிறோம்" என்று பதில் சொல்லியிருக்கலாம். அதில் பொய் இல்லை. மறைக்க வேண்டியது மறைந்தும் இருக்கும்.

மறைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல என்று எங்களுக்கு இப்போது தோன்றுகிறது. தேர்வு முடிவு அவளுடையது. அதை யாருக்கு, எப்போது சொல்வது என்பதும் அவளுடையது. சொல்லாமல் இருக்க அவளுக்கு முழு உரிமை உண்டு. அவளுக்காக நாங்கள் வாய் மூடியிருந்தால் அது காவல். ஆனால் நாங்கள் வாய் மூடியிருக்கவில்லை. இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கி, அவளுக்கு இருதய ஆராய்ச்சி வேலையும் வாங்கிக் கொடுத்து, எங்கள் மகள் இருக்க வேண்டிய இடத்தில் அவளை உட்கார வைத்தோம். இது மகளுக்காகவா? அவள் கேட்கவே இல்லை. மே மாதத்திலேயே அவள் தன் நெருங்கிய தோழிகள் நான்கு பேருக்குச் சொல்லிவிட்டாள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் பொய்யினால் விளைந்த நன்மை எங்களுக்கு. வரிசையில் நிற்கும்போது எங்கள் தலை நிமிர்ந்திருப்பதற்கு.

இன்னும் ஒரு படி பின்னால் போனால், தவறு மே மாதத்தில் தொடங்கவில்லை, மார்ச் 15 இரவில் தொடங்கியது. அவள் சந்தோஷத்தை அவளைக் கேளாமல் எடுத்து விநியோகித்தோம். இனிப்பை எங்களுடையது என்று பங்கிட்டவர்கள், கசப்பையும் எங்களுடையது என்று எடுத்து ஒளித்து வைத்தோம். இரண்டுமே அவள் கையில் இருந்திருக்க வேண்டியவை.

இனித் தேர்வைப் பற்றி. மூன்று புள்ளி! அந்தக் கோடையில் இந்த மூன்றைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் அநியாயம், அநியாயம் என்று புலம்பினோம். ஒரே ஆள் அதே தகுதியோடு வேறொரு நாள் எழுதினால் சில புள்ளிகள் ஏறி இறங்கலாம் என்று தேர்வை நடத்துகிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருக்க 211-க்கும் 214-க்கும் நடுவில் ஒரு பெண்ணின் ஓராண்டை வெட்டுவது நியாயமா என்பது எங்கள் வாதம்.

எங்களில் ஒருவர் கட்டடப் பொறியாளர். இந்த வாதத்தைக் கடைசியில் உடைத்தது அவர் தொழில்தான். கான்கிரீட் ஊற்றும்போது அதே கலவையில் சிறு உருளைகளை வார்த்துத் தனியே வைப்பார்கள். 28-ஆம் நாள் இயந்திரத்தில் வைத்து, உடையும்வரை அழுத்திப் பார்ப்பார்கள். குறித்த பலத்துக்கு மிகவும் கீழே உடைந்தால் அந்தக் கட்டடத்தை உடனே இடிப்பதில்லை. உருளையைச் சரியாக வார்க்காமல் இருந்திருக்கலாம், வெயிலில் கிடந்திருக்கலாம். ஆகவே கட்டிய இடத்திலேயே துளையிட்டு மாதிரி எடுத்து மறுபடி சோதிப்பார்கள். ஆனால் அந்த முடிவு வரும்வரை மேலே பாரம் ஏற்ற மாட்டார்கள். கோடு எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும். எங்கே போட்டாலும் அதற்கு மூன்று புள்ளி கீழே ஒருவர் நிற்பார். அந்தக் கோடு அவரைத் தண்டிப்பதற்காகப் போட்டது அல்ல. நள்ளிரவில் மார்வலியோடு வந்து, தன்னைப் பார்க்கும் டாக்டர் யார் என்றே தெரியாமல் கையை நீட்டும் ஒருவருக்காகப் போட்டது. அந்த ஒருவர் நம்மில் யாராகவும் இருக்கலாம். நம் மகளாக இருந்தால் கோட்டைத் தளர்த்து, நம்மைப் பார்க்கும் டாக்டராக இருந்தால் கோட்டை இறுக்கு என்று கேட்க முடியாது.

இதில் இன்னொன்றும் உண்டு. உருளை உடைந்ததற்காகக் கட்டடத் தொழிலில் யாரும் வெட்கப்படுவதில்லை. உடைந்த கணக்கை மறைத்தால்தான் குற்றம்; உரிமம் போய்விடும்.

சில அன்பர்கள், விஷயம் தெரிந்த அந்த ஏழெட்டுப் பேரில் சிலர், "எல்லாம் விதி" என்றார்கள். கண் திருஷ்டி என்றார் ஒருவர். இதழில் படம் போட்டதால் வந்தது என்றார் இன்னொருவர். சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பெற்ற மனது எதையாவது செய்யத்தான் பார்க்கும். ஆனால் மகளிடம் "விதியம்மா" என்று சொன்னபோது அவள் ஒப்பவில்லை. "இல்லை. நான் தேதியைத் தள்ளினேன். கேள்விகளைப் போட்டுப் பார்த்தது போதாது. மாட்ச் ஆனதும் விட்டுவிட்டேன்," என்றாள். எங்களுக்கு அது தன்னைத்தானே அடித்துக்கொள்வதுபோல் பட்டது. பிறகுதான் புரிந்தது. விதி என்று ஏற்றுக்கொண்டால் அவள் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. தன் தவறு என்றால் திருத்த ஒரு வழி இருக்கிறது. நாங்கள் ஆறுதல் என்று நினைத்து, அவள் கையில் இருந்த ஒரே கருவியைப் பிடுங்கப் பார்த்திருக்கிறோம்.

இப்படிச் சொல்வதில் அபாயமும் உண்டு. தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் இளம் மனது அந்த இடத்தோடு நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்த மே, ஜூன் மாதங்களில் நாங்கள் இரவில் எழுந்துபோய் அவள் அறைக் கதவின் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்தாலும் பயம், தெரியாவிட்டாலும் பயம். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும் பெற்றோர் கௌரவம் பார்க்காமல் நல்ல மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். 2022 ஜூலை முதல் இந்நாட்டில் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைகளும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம். எங்களில் ஒருவர் ஒரு தடவை அழைத்திருக்கிறோம்.

ஆவணியில் ஒருநாள், நம் கோவிலின் தொடக்க கால அங்கத்தினர்களில் ஒருவரான ஒரு டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரை டாக்டர் மாமா என்பார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். கதையைச் சொல்லலாம் என்றார். 1970-களில் மதுரையில் படித்து முடித்தவர். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அமெரிக்கா வைத்திருந்த ஈ.சி.எஃப்.எம்.ஜி. தேர்வை எழுதக் கொழும்புக்குப் போனார். ராமேஸ்வரம்வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். செலவுக்கு அக்காவின் வளையல்கள் அடகுக்குப் போயின. வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் படுத்து எழுதிய தேர்வில் அவர் தேறவில்லை. என்ன மதிப்பெண் என்பது மறந்துவிட்டதாம். உறையைக் கொடுத்த தபால்காரர் நின்ற இடம் மறக்கவில்லையாம்.

ஊரில் என்ன சொன்னார்? "தேர்வு தள்ளிப்போயிற்று." அவர் தகப்பனார் அதை நம்பி, தேர்வைச் சொன்ன தேதியில் நடத்தத் துப்பில்லாத அமெரிக்காக்காரனைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஓராண்டு திட்டித் தீர்த்தாராம். இதைச் சொல்லி மாமா சிரித்தார், நாங்களும் சிரித்தோம், மகளும் பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். இரண்டாம் முறை தேறி வந்தார். தகப்பனார் கடைசிவரை உண்மை அறியாமலே போனார்.

பிறகு மாமா சொன்னதுதான் எங்களை எழுத வைத்தது. அவருடைய மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டில் பாடங்களில் தவறி, படிப்பை நிறுத்திவிட்டு, பத்து மாதம் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு கிடங்கில் வேலை பார்த்திருக்கிறான். தெரிந்ததும், "ஏன்டா என்கிட்டச் சொல்லலை?" என்று இவர் கேட்க, "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா, நீங்க எதிலயும் தோற்றதே இல்லையே," என்றானாம். அப்போதும் மாமா கொழும்புக் கதையைச் சொல்லவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன் என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் முதன்முதலாகச் சொல்கிறாராம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

அன்னதானக் கூடத்தில் முப்பது ஆண்டுகளாக ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். எத்தனை பேர் தட்டுக்கு முன்னால் எத்தனை கொழும்புகளை விழுங்கியிருக்கிறோமோ தெரியவில்லை. நம் பிள்ளைகள் நம்மைப் பார்க்கிறார்கள். டாக்டர், பொறியாளர், கணக்காளர் என்று பட்டங்கள் மட்டுமே தெரிகின்றன. தோற்றவர்கள் யாரும் இந்தக் கூட்டத்தில் இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள். நமக்கு நாம் செய்துகொண்ட பாதுகாப்பு அவர்களைத் தனியாக்கிவிடுகிறது. எங்கள் மகளுக்கு அந்த ஆடி மாதத்தில் தேவைப்பட்டது டாக்டர் மாமாவின் தபால்காரர். எங்கள் பொய் அவரையும் அவள் பக்கம் வரவிடாமல் செய்தது. பெரியம்மா சென்னையிலிருந்து அவருக்குத் தொலைபேசியில் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார். ரகசியத்தைக் காப்பாற்றாத பெரியம்மாவுக்கு நமஸ்காரம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆகஸ்டு கடைசியில் மறுபடி எழுதினாள்; செப்டம்பரில் 236 என்று வந்தது. ஆனால் முதல் முடிவு அழிவதில்லை. இத்தேர்வின் சான்றுத் தாளில் எழுதிய ஒவ்வொரு முறையும் பதிவாகி இருக்கும். தேறாத முறையையும் பார்த்துவிட்டுத்தான் மருத்துவமனைகள் அழைப்பார்கள். (ஒரு கட்டத்தை நான்கு தடவைக்கு மேல் எழுத முடியாது என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு ஆறாக இருந்தது, 2021-இல் குறைத்தார்கள்.) முந்தைய ஆண்டில் பதினான்கு இடங்களில் நேர்முகம் கிடைத்தது, இந்த முறை ஐந்து. ஐந்திலும் அதே கேள்வி: என்ன நடந்தது? ஐந்து இடத்திலும் அவள் காரில் எங்களிடம் சொன்னதையே சொன்னாளாம். தள்ளிப்போட்டேன், போதிய அளவு பயிற்சி செய்யவில்லை, இரண்டாம் முறை என்ன மாற்றினேன் என்றால் இது. 2025 மார்ச் 21 அன்று நெப்ராஸ்காவில் சோளக்காட்டு நடுவில் ஒரு சிற்றூரில் ஃபேமிலி மெடிசின் பயிற்சிக்கு இடம் வந்தது. அவள் முதலில் விரும்பிய பிரிவும் இல்லை, விரும்பிய ஊரும் இல்லை. கேசரி கிண்டவா என்று கேட்டோம். கிண்டச் சொன்னாள்.

"பிள்ளைக்கு இடம் கிடைத்த பிறகு எழுதுவது சுலபம்" என்று சொல்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை. உண்மைதான். இக்கட்டுரையை 2024 மார்கழியில் தொடங்கினோம். இரண்டு பக்கம் எழுதி மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டோம். இடம் கிடைக்காமல் இருந்திருந்தால் அந்தத் தாள் இன்னும் அங்கேயே இருந்திருக்கும். எங்கள் தைரியத்தின் அளவு அவ்வளவுதான். இப்போது எந்த வீட்டிலாவது இப்படி ஒரு புதன்கிழமை வந்திருந்தால், அவர்கள் எங்களைப்போல் எழுத வேண்டியதும் இல்லை, யாரிடமும் சொல்ல வேண்டியதும் இல்லை. எங்கள் வீட்டு எண் கோவில் அலுவலகத்தில் இருக்கிறது. டாக்டர் மாமாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மகள் தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. ஆகவே இதை முழுவதும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். இரவுப் பணி முடிந்து வந்து படுத்துக்கொண்டே கேட்டாள். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டோம். ரசக் கதையை எடுக்க வேண்டாம் என்றாள். மதிப்பெண்ணை எழுதலாமா என்று கேட்டோம். "211-ஐப் போடாமல் 236-ஐ மட்டும் போட்டால் நான் கோபித்துக்கொள்வேன்," என்றாள்.

கடைசிப் பக்கத்துக்கு அவளே ஆங்கிலத்தில் ஒரு திருத்தம் எழுதித் தந்திருக்கிறாள். ஆங்கிலப் பகுதியில் வருகிறது. எங்கள் தமிழாக்கம் இது:

"2024 ஏப்ரல் இதழில் நான் அந்த ஜூலையில் பயிற்சியில் சேருவேன் என்று வந்த செய்தி தவறு. மே மாதம் தேர்வில் தேறவில்லை. ஓராண்டு வீட்டில் இருந்தேன். 2025 ஜூலையில் சேர்ந்தேன். அந்த ஆண்டில் நான் எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை. விசாரித்த அனைவருக்கும் நன்றி."